கணவர் எல்லையில், குடும்பம் காசிமேட்டில்

காசிமேட்டிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருப்பதன் சுருக்கம் இது. அவருடைய கணவர் தரைப்படையில் நாயக். 2025 ஏப்ரல் இறுதியில் அவருடைய பிரிவு மேற்கு எல்லைப் பக்கம் நகர்ந்தது. மே 7 முதல் 10 வரை பாகிஸ்தானுடன் சண்டை நடந்த நாட்களில் அவரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. சண்டை நின்று பத்து நாட்களாகியும் வாரத்துக்கு ஒருமுறை நான்கைந்து நிமிடம்தான் பேசுகிறார். அதையும் மாமியாரே பேசித் தீர்த்துவிடுகிறார். அந்த அம்மா செய்தித் தொலைக்காட்சியை அணைக்கவே விடுவதில்லை. ஐந்து வயது மகன், "அப்பாவ சுட்டுடுவாங்களா?" என்று கேட்கிறான். மீன்பிடித் தடைக்காலமாதலால் தெருவில் எல்லா வீட்டு ஆண்களும் வலை பின்னிக்கொண்டு வீட்டோடு இருக்க, தம் வீட்டில் மட்டும் ஆள் இல்லாதது உறுத்துகிறது. சண்டை நின்ற பின்னும் கணவர் ஏன் வரவில்லை என்றும், ஜூனில் வைத்திருந்த மகனின் காதுகுத்தை நடத்துவதா, தள்ளிப்போடுவதா என்றும் கேட்கிறார்.

இதே நிலையில் நான் இருமுறை இருந்திருக்கிறேன் என்பதால் சற்று நீளமாகவே எழுதுகிறேன். என் கணவர் மெட்ராஸ் சாப்பர்ஸ் எனப்படும் பொறியாளர் படையில் 24 ஆண்டுகள் பணியாற்றி சுபேதாராக ஓய்வு பெற்றவர். 1999 கார்கில் போரின்போதும், 2001 டிசம்பர் முதல் 2002 அக்டோபர் வரை படைகளை எல்லையில் குவித்து நிறுத்திய ஆபரேஷன் பராக்கிரமின்போதும் அவர் எல்லையில் இருந்தார். நான் கொருக்குப்பேட்டையில், மாமியாரோடும் இரண்டு பிள்ளைகளோடும், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட வாடகை வீட்டில் இருந்தேன்.

முதலில் அந்த மௌனத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் மற்ற தொல்லைகள் எல்லாம் அதிலிருந்துதான் கிளைக்கின்றன. ஒரு பிரிவு முன்னணிக்கு நகரும்போது கைப்பேசிகளை வாங்கி வைத்துவிடுவதும், பேசுவதற்கு முறை வைப்பதும் வழக்கம். கைப்பேசி இருக்குமிடத்தைக் காட்டிக்கொடுக்கும் என்பதே அதற்குக் காரணம். உங்கள் கணவருக்கு ஏதோ நேர்ந்துவிட்டது என்று அதற்குப் பொருளன்று. ஆகவே அழைப்பு வரவில்லை என்றால், அவர் முறை இன்னும் வரவில்லை என்றோ, அவர் இருக்கும் இடத்தில் தொடர்பு இல்லை என்றோ மட்டுமே பொருள். கெட்ட செய்திக்கென்று தனி வழி உண்டு. பதிவேட்டில் நெருங்கிய உறவினர் என்று யார் பெயர் இருக்கிறதோ அவருக்குப் படையின் அதிகாரியே தகவல் தருவார். அது தொலைக்காட்சியின் அடிவரியிலோ, தெரு வாட்ஸ்அப் குழுவிலோ வந்து சேர வேண்டியதில்லை. 1999 ஜூனில் எனக்கு இதை ஒரு ஓய்வு பெற்ற ஹவில்தார் சொன்னார். அன்றிரவு நான்கு மணி நேரம் தொடர்ந்து தூங்கினேன். அதற்கு முந்தைய மூன்று வாரங்களில் அப்படித் தூங்கிய நினைவில்லை.

ஆனால் அந்த வழி உங்கள் வீட்டை வந்தடைய வேண்டுமென்றால் பதிவேட்டில் இருக்கும் முகவரி சரியாக இருக்க வேண்டும். வடசென்னையில் நாம் ஓரிடத்தில் நிலையாக இருப்பதில்லை. லீசுக்கு எடுத்த வீட்டை மூன்று ஆண்டுகளில் விட்டுவிட்டுத் திருவொற்றியூருக்குப் போகிறோம். வாரியக் குடியிருப்பை இடித்துக் கட்டுகிறார்கள் என்றால் இரண்டு ஆண்டுகள் வியாசர்பாடியில் உறவினர் வீட்டருகே வாடகைக்கு இருக்கிறோம். படைப் பதிவேடோ, அவர் சேர்ந்த நாளில் கொடுத்த தெருப் பெயரையே இன்னும் வைத்துக்கொண்டிருக்கும். அடுத்த அழைப்பில் இந்த ஒன்றைக் கேளுங்கள். கூடவே, பிரிவு முன்னால் போனபின் பழைய முகாமில் விட்டுச்சென்றிருக்கும் ரியர் பார்ட்டியின் தொலைபேசி எண்ணையும் கேட்டு வாங்குங்கள். குடும்பங்கள் விசாரிப்பதற்கு உரிய இடம் அதுதான். நான் அந்த எண்ணை அடுப்பங்கரையில் தொங்கிய தினசரி நாட்காட்டியின் அட்டையில் எழுதி வைத்திருந்தேன். நான் இல்லாத நேரத்தில் மாமியாரும் பார்க்கும்படி பெரிய எழுத்தில்.

தொலைக்காட்சி விஷயத்தில் நான் சற்றுக் கடுமையானவள். மே மாதச் சண்டையின்போது கராச்சித் துறைமுகம் தாக்கி அழிக்கப்பட்டதாகச் சில தொலைக்காட்சிகள் இரவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தன. அப்படி ஒன்று நடக்கவேயில்லை. படைகளின் நகர்வை நேரலையாகக் காட்டக் கூடாது என்று அரசு அறிவுறுத்தியிருந்ததால், திரையில் ஓடியவற்றில் பெரும்பகுதி பழைய காட்சிகளும் ஊகங்களும்தான். அதே மே 7 அன்று நம் துறைமுகத்தில் நடந்த ஒத்திகையைக்கூட உண்மைத் தாக்குதல் என்று நினைத்துப் பதறியவர்கள் ராயபுரத்தில் இருந்தார்கள். இதில் நம் ஊருக்குப் பழைய அனுபவம் உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் நம் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்துவிட்டுப் போனது. கப்பல் திரும்பி வரவேயில்லை, ஆனால் வரும் வரும் என்ற பேச்சிலேயே ஆயிரக்கணக்கானோர் ஊரைவிட்டு ஓடினார்கள். அந்தப் பயம் எம்டன் என்ற சொல்லாக இன்றும் நம் வாயில் இருக்கிறது. 1942 ஏப்ரலில் ஜப்பானியர் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் குண்டு போட்டபோது, இங்கே இருந்தே ஆக வேண்டிய வேலை இல்லாதவர்கள் வெளியேறலாம் என்று அரசே சொல்ல, பாதி ஊர் காலியானது. ஜப்பானியப் படை இங்கு இறங்கவில்லை. 1943 அக்டோபரில் ஒற்றை விமானம் வந்து சில குண்டுகளைப் போட்டதோடு சரி.

இதையெல்லாம் மாமியாரிடம் சொல்லிப் பயனில்லை என்பதும் எனக்குத் தெரியும். தாய்க்குத் தொலைக்காட்சி என்பது செய்தி மட்டுமன்று. மகன் இருக்கும் திசையில் திறந்திருக்கும் ஒரே சன்னல் அது. அணைத்தால் மகனை மறந்துவிட்டதாக அவருக்கே தோன்றும். ஆகையால் அணைக்கச் சொல்லாதீர்கள். மாலை ஏழு மணிச் செய்தியை நீங்களும் அவரோடு உட்கார்ந்து முழுவதும் பாருங்கள். முடிந்ததும் தொடருக்கு மாற்றுங்கள். தனியாகப் பார்க்கும்போதுதான் அந்த அம்மாவால் அணைக்க முடிவதில்லை. என் மாமியார் நான் பக்கத்தில் உட்கார ஆரம்பித்த நான்காம் நாள், "போதும்டி, மாத்து" என்றார்.

இனி தொலைபேசி. உங்கள் கேள்வியில் இதுதான் உண்மையான காயம் என்று நினைக்கிறேன், நீங்கள் அதை ஒரே வரியில் கடந்திருந்தாலும்.

1999இல் எங்கள் வீட்டில் தொலைபேசி இல்லை. இரண்டு வீடு தள்ளியிருந்த எஸ்.டி.டி. கடையின் எண்ணைத்தான் பி.பி. எண்ணாகக் கொடுத்திருந்தோம். ஜூலையில் ஒரு நாள் காலை, தண்ணீர் லாரி வந்து நின்று, எல்லோரும் குடத்தை வரிசையில் வைத்துத் தள்ளிக்கொண்டிருந்த நேரத்தில், கடைப் பையன் ஓடிவந்து, "மிலிட்டரி போன், பத்து நிமிசத்துல திரும்பக் கூப்பிடுறாராம்" என்றான். நான் குடத்தை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். மாமியாருக்கு முட்டி வலி. ஆனால் எனக்கு முன்பே அவர் கண்ணாடிக் கதவுக்குள் நின்றுகொண்டிருந்தார். அழைப்பு வந்ததும், "சாப்பிட்டியா, குளிருதா, சாப்பிட்டியா" என்று கேட்டதையே கேட்டு, பிறகு அழ ஆரம்பித்து, அழுதபடியே இரண்டு நிமிடம் போனது. ரிசீவர் என் கைக்கு வந்தபோது, "எல்லாரும் நல்லா இருக்கீங்களா" என்ற அவர் குரலும், அதன்மேல் இரைச்சலும், பிறகு ஒன்றுமில்லை. திரும்பி வந்தபோது என் குடங்களைப் பக்கத்து வீட்டுப் பெண் நிரப்பி வாசலில் வைத்திருந்தாள். அந்தத் தண்ணீரைப் பார்த்ததும்தான் எனக்கு அழுகை வந்தது. அன்று முழுவதும் மாமியாரோடு நான் பேசவில்லை.

அன்று எனக்கு வந்த கோபம் தவறானது என்று இப்போதும் சொல்ல மாட்டேன். மாமியாரிடம் சண்டையிட்டதால் எதுவும் மாறவுமில்லை. மாற்றியவர் என் கணவர்தான். அடுத்த கடிதத்தில், "அம்மாவிடம் முதலில் ஒரு நிமிடம், பிறகு உன்னிடம், கடைசியில் பிள்ளைகளிடம்" என்று அவரே வரிசை போட்டு எழுதினார். மகன் போட்ட வரிசையை எந்தத் தாயும் மீறுவதில்லை. மருமகள் போட்டால் அதுவே ஒரு வழக்காகிவிடும். உங்கள் கணவரிடம் இதைச் சொல்லத் தயங்காதீர்கள். அழைப்பில் சொல்ல நேரமில்லை என்றால் செய்தியாக எழுதி வையுங்கள், கைப்பேசி கைக்கு வரும்போது படிப்பார். அத்தை பேசும்போது ஒலிபெருக்கியில் போட்டுப் பேசச் செய்வதும் நல்லது, ஏனெனில் தாயிடம் பேசும் குரலில் சில சமயம் மனைவிக்குத் தெரியாத பல விஷயங்கள் தெரிந்துவிடுகின்றன. பேச வேண்டியவற்றை முன்பே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நான்கு நிமிடம் போதாது என்று நாம் சொல்கிறோம். உண்மையில் முதல் இரண்டு நிமிடம் என்ன பேசுவது என்று தெரியாமலேயே போய்விடுகிறது.

வீட்டுச் செய்திகளில் எதைச் சொல்வது என்பதில் நான் இரண்டு பிழைகள் செய்தேன். மழையில் கூரை ஒழுகுகிறது என்று ஒரு கடிதத்தில் எழுதிவிட்டேன். 56 ஏ.பி.ஓ. என்ற படைத் தபால் முகவரிக்கு இன்லேன்ட் கடிதம் போய்ச் சேர்ந்து பதில் வர மூன்று வாரமானது. அதற்குள் கூரையை மாற்றியாகிவிட்டது, ஆனால் அவர் அந்த மூன்று வாரமும் பிள்ளைகள் நனைவதாகவே நினைத்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு எதையும் முடித்துவிட்டுத்தான் எழுதுவது என்று வைத்துக்கொண்டேன். அதுவே இரண்டாவது பிழைக்கும் இட்டுச்சென்றது. மாமியார் எட்டு நாள் மருத்துவமனையில் கிடந்ததை அடியோடு மறைத்தேன். விடுப்பு முடிந்து திரும்பிய பெரம்பூர்க்காரர் ஒருவர் போகிற போக்கில் அவரிடம், "அம்மா இப்ப தேவலாமா?" என்று கேட்டுவிட்டார். அதற்குப்பின் பல மாதங்கள், நான் "எல்லாம் நலம்" என்று எழுதினால் அவர் நம்பவில்லை. வேறொருவர் வாயால் அவர் காதுக்குப் போகக்கூடிய எதையும் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். என்ன நடந்தது, என்ன செய்துவிட்டோம், இப்போது எப்படி இருக்கிறது என்ற மூன்றையும் ஒரே மூச்சில்.

வெளியாட்களிடம் நேர்மாறாக இருங்கள். அவர் எந்த ஊரில், எந்தப் பிரிவில் இருக்கிறார் என்பதை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட வேண்டாம். "தலைமையகத்திலிருந்து பேசுகிறேன், உங்கள் கணவரின் இருப்பிடத்தைச் சரிபார்க்க வேண்டும்" என்று யாராவது அழைத்தால், தன் வீரர் எங்கே இருக்கிறார் என்று உங்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய தேவை எந்தத் தலைமையகத்துக்கும் கிடையாது என்பதை நினைவில் வைத்து இணைப்பைத் துண்டியுங்கள்.

மகனின் கேள்விக்கு, "அப்படியெல்லாம் ஒன்றும் ஆகாது" என்று சத்தியம் செய்யாதீர்கள். ஐந்து வயதுக்குழந்தை உங்கள் முகத்தையும் பார்க்கிறது, மூடிய கதவுக்குப் பின்னால் பாட்டி அழுவதையும் கேட்கிறது. இரண்டும் பொருந்தாவிட்டால் அடுத்த முறை கேட்காது, உள்ளேயே வைத்துக்கொள்ளும். அவனுக்குத் தேவை, அப்பாவைச் சுற்றி ஆட்கள் இருக்கிறார்கள், அவருக்குச் சாப்பாடு கிடைக்கிறது, அவரைப் பற்றி எது தெரிந்தாலும் அம்மா என்னிடம் சொல்வாள் என்ற மூன்று உறுதிகள்தான். என் மூத்தவளுக்குக் கார்கில் போரின்போது ஆறு வயது. அப்பா எங்கே படுப்பார் என்பதே அவளுடைய பெரிய கவலையாக இருந்தது. கூடாரத்தில், தூங்கும் பையில் படுப்பார் என்று படம் வரைந்து காட்டிய அன்றிலிருந்து, அவளும் போர்வையைத் தைத்துப் பையாக்கித் தரச் சொல்லி அதற்குள்தான் தூங்கினாள். சென்னையில், ஜூன் மாதத்தில்.

சண்டை நின்ற பின்னும் ஏன் வரவில்லை என்று கேட்கிறீர்கள். சண்டை நிறுத்தம் என்பது சுடுவதை நிறுத்துவது. படையைத் திருப்பி அழைப்பது வேறொரு முடிவு, அதற்கு மாதங்கள் ஆகலாம். கார்கில் மே முதல் ஜூலை 26 வரை. பயமாக இருந்தது, ஆனால் குறுகிய காலம், தெருவே எங்களைத் தாங்கியது. ஆடி மாதம் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றியபோது எங்கள் வீட்டுக்கு முதல் செம்பைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். பராக்கிரமின்போது போரே நடக்கவில்லை. நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பிறகு எல்லைக்குப் போன படைகள் பத்து மாதம் அங்கேயே நின்றன. மூன்றாம் மாதத்துக்குப்பின் யாரும் விசாரிக்கவில்லை. "சண்டைதான் இல்லையே" என்றார்கள். அவரோ எல்லை நெடுகக் கண்ணிவெடி புதைக்கும் வேலையிலும், பிறகு அதையே எடுக்கும் வேலையிலும் இருந்தார். அதில் இறந்தவர்கள், கால் இழந்தவர்கள் நிறையப்பேர். என்னைக் கேட்டால் அந்தப் பத்து மாதம்தான் எங்கள் வீட்டை அதிகம் உலுக்கியது. ஆகவே "இந்த வாரம் வருவார்" என்று நாள் குறிக்காதீர்கள்; மாமியாரையும் குறிக்க விடாதீர்கள்.

நாள் எண்ணாமல் இருப்பதை எனக்குக் கற்றுத் தந்தவள் காசிமேட்டில் மீன் வாங்கப் போகும்போது பழக்கமான ஒரு லாஞ்ச்காரர் மனைவி. கடலுக்குப் போனவர்கள் பத்து நாளோ பதினைந்து நாளோ கழித்துத்தான் வருவார்கள். "எப்ப வருவாங்கன்னு கேக்காத, என்ன சமைக்கிறன்னு கேளு" என்பாள். தடைக்காலத்தில் உங்கள் தெரு ஆண்கள் வீட்டிலிருப்பது உறுத்துகிறது என்கிறீர்கள். அந்த வீட்டுப் பெண்களிடம் ஒரு மாலை போய் உட்காருங்கள். புயல் சின்னம் உருவான பின்னும் கரை சேராத படகுக்காகத் துறைமுகத்தில் நின்றவர்கள் அவர்கள். இந்தக் காத்திருப்பை விளக்கிச் சொல்லத் தேவையில்லாதவர்கள் சென்னையிலேயே உங்கள் தெருவில்தான் அதிகம்.

காகிதங்களைப் பற்றிச் சுருக்கமாக. திருமணமும் மகன் பிறப்பும் பார்ட் டூ ஆர்டர் எனப்படும் படைப் பதிவில் ஏறியிருக்கின்றனவா என்று உறுதி செய்யுங்கள். அதில் இல்லாத மனைவியும் பிள்ளையும் படைக்கு இல்லாதவர்களே. சம்பளக் கணக்கு, இருவரில் எவரும் இயக்கக்கூடிய கூட்டுக் கணக்காக இருப்பது நல்லது. குழுக் காப்பீட்டு நியமனத்தில் திருமணத்துக்கு முன் எழுதிய பெயரே இருந்தால் மாற்றச் சொல்லுங்கள்; இதைக் கேட்பது அபசகுனம் என்று மாமியார் நினைத்தால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகன் சொத்தில் மனைவி, பிள்ளைகளோடு தாய்க்கும் சம பங்கு உண்டு என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள், பேச்சு எளிதாகும். வீடு, நிலம் தொடர்பாக அவர் மீது வழக்கு ஏதும் இருந்தால், போர்ச் சூழலில் பணிபுரியும் வீரருக்கு எதிரான வழக்கை ஒத்திவைக்க 1925ஆம் ஆண்டுச் சட்டமே வழி செய்கிறது. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டால் மனு எழுத உதவுவார்கள். பணியிலிருப்பவர் குடும்பங்களும் அங்கே போகலாம்.

காகிதம் என்றதும் என் மாமனாரின் தாயார் நினைவு வருகிறது. அவருடைய மூத்த மகன் 1941இல் படையோடு மலாயா போனவர். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்தபின் மூன்றரை ஆண்டுகள் ஒரு வரிகூட வரவில்லை. ஆனால் சம்பளத்தில் வீட்டுக்கென எழுதி வைத்திருந்த தொகை மாதாமாதம் மணியார்டராக வந்துகொண்டிருந்தது. தபால்காரர் வரும் நாளில் பாட்டி எங்கும் போகமாட்டாராம். பணத்தை எண்ணுவதற்கு முன் படிவத்தில் மகன் பெயர் இருக்கிறதா என்று படிக்கத் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்வாராம். மகன் 1945 இறுதியில் எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தார். மலாயாவைப் பற்றிக் கடைசிவரை வீட்டில் பேசவில்லை.

உங்கள் கணவர் வரும்போதும் சில நாட்கள் அந்நியர் போல இருக்கலாம். என்னவர் 2002 நவம்பரில் வந்தபோது, மண் தரையில் கால் வைக்குமுன் கீழே பார்த்துத்தான் நடந்தார். தீபாவளி வெடிச் சத்தம் தாங்காமல் பின்கட்டில் உட்கார்ந்திருந்தார். அதைவிட எனக்குக் கடினமாக இருந்தது வேறு: இளையவன் கடைக்குப் போக அவரைத் தாண்டி வந்து என்னிடம் அனுமதி கேட்டான், அவர் முகம் சுருங்கியது. அவர் இல்லாமல் வீடு நன்றாக நடந்ததே அவருக்கு வருத்தமாக இருந்தது. மறுவாரம் ரேஷன் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அவரையே போகச் சொன்னேன். இரண்டிலும் யாரிடம் என்ன பேச வேண்டும் என்று தெரியாமல் திரும்பி வந்தார், சிரித்துக்கொண்டே. தூக்கமின்மையும் சினமும் மாதக்கணக்கில் நீடித்தால் மட்டும் படை மருத்துவரிடம் காட்டத் தயங்க வேண்டாம்.

காதுகுத்தைத் தள்ளிப்போடாதீர்கள் என்பதே என் எண்ணம். அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பெரும்பாலும் "நடத்து" என்றுதான் சொல்வார், தன்னால் வீட்டில் ஒன்று நின்றுபோனது என்பதை அங்கே இருப்பவர்கள் தாங்குவதில்லை. மண்டபம், பேனர், பிரியாணி எல்லாம் அவர் வந்தபின் வைத்துக்கொள்ளலாம். குழந்தை உட்கார வேண்டியது தாய்மாமன் மடியில்தான். உங்கள் அண்ணனோ தம்பியோ ஊரில் இருந்தால் போதும். ஊசி குத்தும்போது அவன் அழுவதைக் கைப்பேசியில் பதிவு செய்து அனுப்பி வையுங்கள். எப்போது பார்ப்பார் என்று தெரியாது, ஆனால் பார்ப்பார்.